ஸ்பைக் மகிழ்ச்சியாகத்தான் இருந்தான்

ஆன்மா இல்லாத ஒருவனால் மகிழ்ச்சியை உணர முடியுமா? முடியும் என்றே நான் நம்புகிறேன். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் தங்கை முடியவே முடியாது என்கிறாள். ‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ தொடரை இருவரும் சேர்ந்து பார்க்க ஆரம்பித்ததிலிருந்து நடக்கும் சண்டை இது. போனில் பேசித் தீரவில்லை, அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் கதை. 1997 முதல் 2003 வரை அமெரிக்காவில் ஏழு சீசன்கள் ஓடியது. அதில் ஒருவர் ரத்தக்காட்டேரியாக மாறினால் ஆன்மா போய்விடும். உடம்பும் நினைவும் மிஞ்சும், உள்ளே பிசாசு குடியேறும். ஏஞ்சலஸ் என்ற கொடூரமான காட்டேரி 1898இல் ரோமா நாடோடிப் பெண் ஒருத்தியைக் கொன்றுவிடுகிறான். அவளுடைய கூட்டத்தார் பதிலுக்கு அவனைக் கொல்லவில்லை. சாபம் போட்டு, அவன் ஆன்மாவைத் திரும்ப உள்ளே வைக்கிறார்கள். அன்றிலிருந்து செய்த கொலைகள் எல்லாம் அவனை அரிக்கத் தொடங்குகின்றன. அந்த அரிப்பே மறந்துபோகும்படி ஒரு நொடி நிறைவான மகிழ்ச்சி வாய்த்தால் ஆன்மா மறுபடி பறிபோகும். காட்டேரிகளை வேட்டையாடும் கதாநாயகி பஃபியோடு இருந்த ஓர் இரவில் அதுதான் நடக்கிறது.

இந்தச் சாபத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். பெண்ணைப் பறிகொடுத்தவர்கள் தண்டனையாகக் கொடுத்தது ஆன்மாவை! அது இல்லாதவரை அவன் சந்தோஷமாகத் திரிந்தான். அதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. அவனுக்கு மகிழ்ச்சியே கிடையாது என்றால் அவனிடமிருந்து பறிப்பதற்கு என்ன இருந்தது? அந்தக் கதையில் ஆன்மா செய்யும் வேலை செய்த குற்றத்தை உறுத்த வைப்பது. மகிழ அது தேவைப்படவே இல்லை.

“அது சந்தோஷம் இல்லக்கா, வெறி” என்கிறாள் தங்கை. ஏஞ்சலஸ் விஷயத்தில் நான் பாதி ஒத்துப்போகிறேன். அவன் குதூகலத்துக்கு எப்போதும் வேறு யாராவது அழ வேண்டும். அதுவும் போதாமல் உலகம் மொத்தத்தையும் நரகத்துக்கு அனுப்பக் கிளம்புகிறான்.

ஆனால் அதே தொடரில் வரும் இன்னொரு காட்டேரியான ஸ்பைக்கை எங்கே வைப்பது? அவனுக்கும் ஆன்மா இல்லை. ட்ரூசில்லா என்ற காட்டேரிப் பெண்ணை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நேசித்தவன். இரண்டாவது சீசனில் ‘ஜட்ஜ்’ என்றொரு அரக்கன் வருகிறான். தொட்ட ஆளிடம் மனிதத்தன்மை இருந்தால் எரித்துவிடுவான். ஸ்பைக்கையும் ட்ரூசில்லாவையும் பார்த்த உடனே, உங்கள் மேல் மனித வாடை அடிக்கிறது, பாசமும் பொறாமையும் வைத்திருக்கிறீர்கள் என்கிறான். புத்தகம் படிக்கும் ஒரு காட்டேரி அவன் கையில் எரிந்தே போகிறான். ஏஞ்சலஸைத் தொட்டால் மட்டும் எரிக்க ஒன்றும் அகப்படவில்லை. எல்லோருமே ஆன்மா இல்லாதவர்கள்தான், அப்புறம் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அந்த சீசன் முடிவில் ஸ்பைக் தன் எதிரி பஃபியிடமே போய், உலகத்தைக் காப்பாற்றக் கூட்டுச் சேர்கிறான். அவனுக்கு இந்த உலகம் பிடித்திருக்கிறது. நாய்ப் பந்தயம் பிடிக்கும், மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி பிடிக்கும், ட்ரூசில்லா திரும்ப வேண்டும். தொல்காப்பியம் உவகை பிறக்கும் இடங்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்று நான்கைச் சொல்கிறது. புலன் என்றால் இங்கே அறிவு. துன்பம் நீங்கிய உவகை என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஸ்பைக்கின் காதலும் பந்தயமும், எரிந்துபோனவனின் புத்தகமும் இந்த நான்குக்குள் வந்துவிடுகின்றன. அடுத்தவன் துன்பத்தையே தின்னும் ஏஞ்சலஸ்தான் வெளியே நிற்கிறான் என்று எனக்குப் படுகிறது.

நம் ஊர்ப் பேய்களையும் நினைத்துக்கொள்கிறேன். சேலத்துக் கிராமங்களில் பேய் பிடித்தவரை உட்கார வைத்து உடுக்கை அடிப்பவர், நீ யாரு, உனக்கு என்ன வேணும் என்றுதான் கேட்பார். அது புடவை கேட்கும், கோழிக்கறி கேட்கும். கொடுத்தால் குறை தீர்ந்து போய்விடும். மேற்கத்தியக் காட்டேரி உயிர் போன உடம்பு, நம் பேய் உடம்பு போன உயிர். இரண்டுக்கும் ஆசை இருக்கிறது. ஆசைப்பட்டது கிடைத்தால் திருப்தியும் இருக்கிறது.

பிறகு ஸ்பைக் பஃபியையே காதலிக்கத் தொடங்குகிறான். ஆறாவது சீசன் தொடக்கத்தில் அவள் சாவிலிருந்து திரும்பி வரும்போது, அவள் போய் எத்தனை நாள் என்று ஸ்பைக் கணக்கு வைத்திருக்கிறான். நேற்றோடு 147. மாடிப்படியில் அவள் இறங்கி வருவதைப் பார்த்து அவன் வாயடைத்து நிற்கும் காட்சியை, தங்கைக்காகவே நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். அவள் பதில் சொல்லவில்லை.

அவனை நல்லவன் என்று நான் சொல்லவே மாட்டேன். அதே சீசனில் குளியலறையில் பஃபியைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். அவள் மேல் வைத்த காதலோ அவளால் அவன் அடைந்த மகிழ்ச்சியோ அவனைத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஆப்பிரிக்காவுக்குப் போய், கடும் சோதனைகளைத் தாங்கி ஆன்மாவைக் கேட்டு வாங்குகிறான். அடுத்த சீசனில் பள்ளியின் அடித்தளத்தில் சித்தம் கலங்கிக் கிடக்கிறான். புதிதாக அவனுக்கு வந்தது செய்ததன் பாரம்.

தங்கை இவ்வளவு பிடிவாதமாக மறுப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். செவ்வாய்ப்பேட்டையில் அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தபோது, கூட்டாளி ஒருவர் கட்டி வெள்ளியை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார். “அவன் எங்கே நிம்மதியாத் தூங்கப் போறான்” என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள். பட்டறையை மூடிய பிறகும் வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை. தங்கை அதைக் கேட்டே வளர்ந்தாள். ஒரு மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் அந்த மனிதரை நானும் அவளும் பார்த்தோம். பேரனைத் தோளில் உட்கார வைத்துப் பொரி ஊட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நடிக்கிறார் என்றாள் அவள். நான் அப்படி நினைக்கவில்லை. அது கலப்படம் இல்லாத சந்தோஷம்.

அவருக்குள் மகிழ்ச்சி இருக்க முடியாது என்று நம்பினால் நமக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். சேரவில்லையே! அந்த வெள்ளி இன்னும் அப்பா கைக்கு வரவில்லை.