நெற்றியில் ஒரு சனியன்

ஆமை பார்க்க நண்பன் கூப்பிட்டான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறும் காலம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடுராத்திரியில் மணலில் நடக்க வேண்டும். சரி, நெற்றியில் மாட்டுகிற விளக்கு ஒன்று வாங்கலாமே என்று, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன்.

"வேட்டைக்கா சார்?" என்றார் கடைக்காரர். 1972 வனவிலங்குச் சட்டத்தில் என்னை உள்ளே தள்ளாமல் விடமாட்டார் போல. எனக்கு வேண்டியது மங்கலான சிவப்பு வெளிச்சம். வெள்ளை வெளிச்சம் பட்டால் ஆமை மிரண்டு, முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். நமக்கும் இருட்டு பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு பளிச் போதும், அத்தனையும் போச்சு. சிவப்பில் அந்தத் தொல்லை குறைவு.

அவரோ எவ்வளவு வெளிச்சம் வரும் என்று லூமன் கணக்கையே ஓதிக்கொண்டிருந்தார். பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்தால் கலங்கரை விளக்கத்தையே மூடிவிடலாம். உள்ளே இருப்பதோ ஒற்றை பேட்டரி.

ஒருவழியாகச் சிவப்பு உள்ளதையே வாங்கினேன். அங்கேதான் வினை. ஒரே பட்டன். பெரிய வெள்ளை, சின்ன வெள்ளை, அப்புறம் போலீஸ் வண்டி மாதிரி ஒரு மினுக்கல், எல்லாம் தாண்டித்தான் சிவப்பு வரும். இதை வடிவமைத்த மகராசன் ஒருநாளாவது இருட்டில் நடந்திருப்பானா?

கடற்கரையில் முதல்முறை அமுக்கியபோது நண்பன் என் எதிரே நின்றிருந்தான். அவன் திட்டியதை இங்கே எழுத முடியாது.