வழியையும் வாகன நிறுத்துமிடத்தையும் முதலில் பேசுவோம்

சென்னைக் கடலோரத்தில் உயர்மாடி நட்சத்திர விடுதி என்ற பேச்சு எழும்போதெல்லாம் விவாதம் உடனே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வேலைவாய்ப்பு, சுற்றுலா வருமானம் என்று ஒரு தரப்பும், ஆமை, மணல்மேடு, கடல் அரிப்பு என்று மறுதரப்பும் பேசத் தொடங்குகின்றன. இரண்டுமே பேசப்பட வேண்டியவைதான். ஆனால் அந்தத் தெருவில் குடியிருப்பவரையும் அந்த மணலில் தொழில் செய்பவரையும் முதலில் தொடுகிற கேள்விகள் இன்னும் எளியவை. வருகிற வண்டிகள் எங்கே நிற்கும்? கடலுக்குப் போகிற வழி யாருக்கெல்லாம் திறந்திருக்கும்? இவ்விரண்டுக்கும் எழுத்துப்பூர்வமான, எவரும் சரிபார்க்கக்கூடிய விடை கிடைக்கும் வரை எந்தக் கடலோர உயர்மாடி விடுதிக்கும் திட்ட அனுமதி வழங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இந்தக் கவலைக்குப் பின்னணி உண்டு. 2003-இல் கலங்கரை விளக்கம் முதல் பெசன்ட் நகர் வரையிலான கடற்கரையை மலேசியத் துணையோடு மாற்றியமைக்கும் திட்டத்தை மாநில அரசு முன்வைத்தது. மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்து நின்றதால் அது கைவிடப்பட்டது. அதன்பின் சட்டமே மாறியிருக்கிறது. நகரக் கடலோரங்களில் மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 1991-ஆம் ஆண்டு நிலையிலேயே உறைய வைக்கப்பட்டிருந்தது. கடலோரக் கட்டுமானங்களை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசின் விதியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2019 ஜனவரி 18 அன்று புதிதாக வெளியாகி, அந்த உறைநிலையை நீக்கி, அன்றைய தேதியில் நடைமுறையிலிருந்த நகரமைப்பு விதிகளின்படியே கட்டிக்கொள்ளலாம் என்றது. முன்பு சில தளங்களோடு நின்றிருக்கக்கூடிய மனையில் இன்று கோபுரம் எழும்பலாம். கட்டடம் உயரலாம் என்றாகிவிட்டது. அதன் வாசலில் கிடக்கும் தெரு அன்றிருந்த அகலத்திலேயேதான் இருக்கிறது.

சாந்தோம், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், எம்.ஆர்.சி. நகர் பகுதியின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். கிழக்கே கடல், தெற்கே அடையாற்று முகத்துவாரம். முகத்துவாரத்தைக் கடந்து பெசன்ட் நகர்ப் பக்கம் சேர்த்த பாலம் 1977-இல் உடைந்தது. இன்று அதை உடைந்த பாலம் என்றே அழைக்கிறோம். ஆகவே தெற்கே போகிறவர்கள் எல்லாரும் சுற்றிக்கொண்டு திரு.வி.க. பாலத்துக்குத்தான் வர வேண்டும். வடக்கே போகிறவர்களுக்குச் சாந்தோம் நெடுஞ்சாலையும் மெரினா லூப் சாலையும்தான் கதி. முகூர்த்த நாள் மாலையில் எம்.ஆர்.சி. நகர் மண்டபங்களின் முன் வண்டிகள் ஊர்ந்து நகர்வதைப் பார்த்தவர்களுக்கு, இந்த வலைப்பின்னலில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாகன நிறுத்துமிடக் கணக்கில் நடக்கும் முதல் தவறு, விடுதியை அறைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது. அறையில் தங்குபவர் பெரும்பாலும் விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் வருகிறார். அந்த வண்டி அவரை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. உண்மையான நெருக்கடி விருந்து மண்டபத்திலிருந்து வருகிறது. ஒரு திருமண வரவேற்பு என்றால் மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் நூற்றுக்கணக்கான கார்கள் ஒரே வாசலை நோக்கி வரும். நகரமே கடற்கரைக்குக் காற்று வாங்க வருகிற நேரமும் அதுதான். இதோடு உணவகத்துக்கு மட்டும் வருபவர்கள், வண்டிக்குள்ளேயே காத்திருக்கும் ஓட்டுநர்கள், மூன்று ஷிப்டுகளில் வந்துபோகும் ஊழியர்களின் இருசக்கர வாகனங்கள், சுற்றுலா வேன்கள், காய்கறி வண்டி, சலவைத் துணி வண்டி, கேஸ் சிலிண்டர் வண்டி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கோடையில் தண்ணீர் லாரிகள் வரிசை கட்டும் நகரம் இது. பெரிய விடுதியின் பின்வாசலில் எத்தனை லாரிகள் எந்த நேரத்தில் நிற்கும் என்பதைத் திட்ட வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். தெருவில் குடியிருப்பவர்களுக்கோ அதுதான் தினசரி வாழ்க்கை.

வேலட் பார்க்கிங் என்ற ஏற்பாடு இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுவதுண்டு. விருந்தினர் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார், ஊழியர் வண்டியை எடுத்துச் செல்கிறார் என்ற அளவில் அது வசதியானதே. உள்ளே இடம் நிரம்பிய பிறகு அந்த வண்டி எங்கே போகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். அது அடுத்த தெருவில், யாரோ ஒருவருடைய வீட்டுக் கேட்டை ஒட்டி நிற்கிறது. வீட்டில் முதியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸ் வரும்போது, சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டிய நிலை வந்தால் அதற்கு யார் பொறுப்பு? கட்டுமானத் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதி ஆணைகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை ஒன்று, வாகன நிறுத்தம் முழுவதும் மனைக்குள்ளேயே அமைய வேண்டும், பொது இடத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றும், நுழைவாயில் அருகே நெரிசல் ஏற்படக் கூடாது என்றும் சொல்கிறது. நல்ல நிபந்தனை. ஆனால் கட்டடம் திறந்த பிறகு ஒரு முகூர்த்த மாலையில் யாராவது வந்து அதைச் சோதிக்கிறார்களா என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

நிலத்தடியில் இரண்டு மூன்று தளம் தோண்டி வண்டிகளை அங்கே விட்டுவிடலாம் என்பார்கள். கடலோர மணலில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. தோண்டும்போது மாதக்கணக்கில் நீரை இறைத்து வெளியேற்ற வேண்டியிருக்கும். அப்படி நன்னீர் இறங்க இறங்க, அந்த இடத்துக்கு உப்புநீர் நகர்ந்து வருவது கடலோரக் கிணறுகள் எல்லாவற்றுக்கும் உள்ள ஆபத்து. கடலோர விடுதிகளுக்கான வழிகாட்டு நெறிகளே, நிலத்தடி நீரின் இயல்பான ஓட்டம் பாதிக்கப்படாது என்று மாநில நிலத்தடி நீர் ஆணையத்திடமிருந்து தடையின்மைச் சான்று பெற்ற பிறகே நிலத்தடித் தளம் அமைக்கலாம் என்று கூறுகின்றன. மேலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மக்கள் தங்கள் கார்களைக் காப்பாற்ற மேம்பாலங்களின்மேல் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியதை இந்த நகரம் கண்டது. ஆற்று முகத்துவாரத்தின் அருகே உள்ள அடித்தள நிறுத்துமிடத்தில் தண்ணீர் ஏறினால், அங்கிருந்த வண்டிகள் எல்லாம் தெருவுக்குத்தான் வந்து சேரும். இயந்திர அடுக்கு நிறுத்தமும் இடத்தை மிச்சப்படுத்துமே தவிர நேரத்தை மிச்சப்படுத்தாது. விருந்து முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது ஒவ்வொரு காராக இறக்கித் தருவதற்குள் வரிசை சாலைவரை நீளும்.

அடுத்தது வழி. எனக்கு இதுவே இன்னும் பெரிய கவலை. கடற்கரை என்பது மாலையில் நடக்கிற இடம் மட்டுமன்று. நொச்சிக்குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் ஃபைபர் படகு கரையேறுகிறது, வலை உலர்கிறது, விடியலில் ஐஸ் வண்டியும் மீன்பாடி வண்டியும் மணல் ஓரம்வரை வந்து மீனை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகின்றன. கையில் கூடையோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் பெண்களுக்கு வழி நூறு மீட்டர் சுற்றினாலும் அது கூலியில் விழும் வெட்டு. 2023 ஏப்ரலில் லூப் சாலையில் நெரிசல் என்று சொல்லி மீன் கடைகளை மாநகராட்சி அகற்றியபோது அந்த மக்கள் சாலையில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. 2024-இல் நொச்சிக்குப்பத்தில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. தலைமுறைகளாக அங்கே மீன் விற்றவர்களைப் போக்குவரத்துக்கு இடையூறு என்று அகற்ற முடிந்த ஊரில், இன்னும் கட்டப்படாத ஒரு விடுதியால் வரப்போகும் போக்குவரத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக் கேட்பதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை.

பொதுவழியின் அருமையைச் சட்டம் முன்பே உணர்ந்திருந்தது. 1991 பிப்ரவரி 19 அன்று வந்த முதல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஊரகக் கடலோரங்களில் அமையும் விடுதிகளுக்கு உயரம் 9 மீட்டர், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும் என்று வரையறுத்ததோடு, இரண்டு விடுதிகளுக்கு இடையே குறைந்தது 20 மீட்டர் அகலமுள்ள இடைவெளியை மக்கள் கடற்கரைக்குச் செல்ல விட வேண்டும் என்றும் சொன்னது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று போய்ப் பாருங்கள். சுவருக்கு அடுத்துச் சுவராக நீண்டு, கடல் கண்ணுக்குத் தெரியாத தெருக்கள் எத்தனை! வழி என்பது வரைபடத்தில் கோடாக இருந்தால் போதாது. கேட் இல்லாமல், காவலர் நின்று எங்கே போகிறீர்கள் என்று கேட்காமல், செருப்பில்லாத சிறுவனும் நடந்துபோகும்படி இருக்க வேண்டும்.

ஒருமுறை வழி அடைபட்டால் அதைத் திறப்பது எவ்வளவு கடினம் என்பதற்குக் கோவாவின் அனுபவம் போதும். டோனா பாலா அருகே வைங்கினிம் கடற்கரையில், நட்சத்திர விடுதி ஒன்றின் நிறுவனத்துக்கு அரசு நிலம் கையகப்படுத்தித் தந்தபோது, கடற்கரைக்குச் செல்லும் மக்களின் வழியைத் தடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போடப்பட்டது. பின்னர் விடுதியின் விரிவாக்கக் கட்டடம் அந்த வழியில் எழுந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இயற்கை வளங்களை அரசு மக்களுக்கான அறங்காவலராகவே வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை அதில் வலியுறுத்தி, வழியை மறித்த கட்டடத்தை இடிக்கும் ஆணையை உறுதிசெய்தது. ஆனால் அதே ஆண்டில் கோவா சட்டமன்றம் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தைத் திருத்தி அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது. அத்திருத்தம் செல்லும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது. ஒப்பந்தம் இருந்தும், நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் வென்றும், முடிவு இப்படி ஆனது. ஆகவேதான் கட்டடம் எழுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும் என்கிறேன்.

ஆனால் பேசுவதற்கு மேடை எங்கே? 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்கும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்கு முன் அனுமதி தேவை. ஆனால் கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு அளித்திருக்கிறது. ஒரு தொழிற்சாலைக்கு ஊர்க் கூட்டம் கூட்டிக் கேட்கிறோம். தெருவின் போக்குவரத்தையே மாற்றிவிடும் கோபுரத்துக்கு அந்தத் தெருக்காரர்களைக் கேட்பதில்லை. இந்த விலக்கு கூட்டம் நடத்துவதைத் தடை செய்யவில்லை என்பதை அரசு நினைவில் கொள்ள வேண்டும். மாநகராட்சியும், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வும் மனமிருந்தால் அந்தந்த வார்டிலேயே கூட்டம் நடத்தலாம். போக்குவரத்து ஆய்வறிக்கையைத் தமிழில் வெளியிடலாம். அந்த ஆய்வும் சாதாரண செவ்வாய்க்கிழமையன்று எண்ணப்பட்டதாக இல்லாமல், முகூர்த்த நாள் மாலையிலும் காணும் பொங்கல் அன்றும் எண்ணப்பட்டதாக இருக்க வேண்டும்.

விடுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை வேண்டும், விருந்தினர் வர வேண்டும். சிங்கப்பூரின் மரினா பேயில் மிகப் பெரிய விடுதியின் முன்பாகவே 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்முக நடைபாதை தொடர்ந்து செல்கிறது. அறை எடுக்காதவரும் அதில் நடக்கிறார், அருகிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. நமக்கும் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் மெட்ரோ வழித்தடம் வந்துகொண்டிருக்கிறது. ஊழியர்களையும் உணவகத்துக்கு வருபவர்களையும் அந்த நிலையத்திலிருந்து சிற்றுந்தில் அழைத்துவரும் பொறுப்பை விடுதி ஏற்கலாம். விருந்து மண்டபத்தின் கொள்ளளவை உள்ளே நிறுத்தக்கூடிய வண்டிகளின் எண்ணிக்கையோடு பிணைத்து அனுமதி வழங்கலாம்.

வழிக்கு நம் விதிகளிலேயே ஒரு கருவி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையை மேம்படுத்துகிறவர் 10 விழுக்காடு நிலத்தை ஓ.எஸ்.ஆர். என்ற பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாகப் பதிவுசெய்து தர வேண்டும். அந்த நிலம் வழக்கமாக மனையின் ஏதோ ஒரு மூலையில் பூங்கா என்ற பெயரில் ஒதுங்கிவிடுகிறது. கடலோர மனைகளில் அதைச் சாலையிலிருந்து மணலை நோக்கிச் செல்லும் அகலமான பாதையாக வாங்கினால், அது மாநகராட்சியின் சொத்தாக, எவரும் கேட் போட முடியாததாக நிலைக்கும். 2004 டிசம்பர் 26 காலையில் பட்டினப்பாக்கத்து மக்கள் மேற்கு நோக்கி ஓடியதை மறந்துவிடக் கூடாது. கடலுக்குப் போகும் வழிதான் கடலிலிருந்து தப்பி ஓடும் வழியும். அது நிறுத்தப்பட்ட கார்களால் நிரம்பியிருக்கக் கூடாது.

கடலோரத்தில் வசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் இத்தகைய திட்டம் வருவதாகத் தெரிந்தால், சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, வாகன நிறுத்த வரைபடத்தையும் நுழைவாயில்களையும் முதலில் பாருங்கள். விருந்து மண்டபத்தின் கொள்ளளவு எங்கே குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் சி.எம்.டி.ஏ.வுக்கும் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் அனுப்பி ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள் மட்டுமே உண்டு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு வந்தால் மனுவை ஏற்க மாட்டார்கள்.