நிலா அளவுக்குச் செவ்வாய்? இல்லை

“ஆகஸ்ட் 27 இரவு செவ்வாய் முழுநிலா அளவில் தெரியும், வானில் இரண்டு நிலா!” என்ற வாட்ஸ்அப் தகவல் ஆண்டுதோறும் வருகிறது. இது உண்மையல்ல.

2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் சுமார் 5.58 கோடி கி.மீ. தொலைவுக்கு வந்தது உண்மைதான். ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் அதுவே மிக நெருக்கம். அன்றும் வெறும் கண்ணுக்கு அது பளிச்சென்ற ஆரஞ்சுப் புள்ளிதான். “75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால்” நிலா அளவில் தெரியும் என்றுதான் அப்போதைய செய்தி சொன்னது. கைமாறிக் கைமாறி அந்தத் தொலைநோக்கி காணாமல் போய்விட்டது.

கணக்கு எளிது. செவ்வாயின் விட்டம் நிலாவைப் போல் சுமார் இரு மடங்கு. நிலா அளவில் தெரிய, அது ஏழெட்டு லட்சம் கி.மீ. தொலைவுக்கு வரவேண்டும். அதன் பாதை அப்படி வராது.

ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் தேதியைப் போட்டு நீங்களே பாருங்கள். மொட்டை மாடிக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போய் ஏமாறவைக்கும் இந்தத் தகவலைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். செவ்வாயை நன்றாகப் பார்க்க 2027 பிப்ரவரி ஏற்ற சமயம். அப்போது இரவு முழுதும் தெரியும்.