"இந்த வயசில ஏலுமோ?" என்று கேட்ட தங்கச்சிக்கு

போன சனிக்கிழமை பின்னேரம், முன்பு என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த தங்கச்சி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பைல். அதற்குள் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் அனுமதிக் கடிதம். அவளுக்கு வயது 41, இரண்டு பிள்ளைகள். தேத்தண்ணி குடித்து முடியும்வரை ஊர்க்கதை கதைத்துவிட்டு, எழும்புகிற நேரத்தில்தான் கேட்டாள். "அக்கா, இந்த வயசில ஏலுமோ?"

ஏலும் என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு இரவு படுத்தால் நித்திரை வரவில்லை. அந்த ஒரு சொல் அவளுக்குப் போதாது. நான் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும்போது எனக்கும் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எது கடினமாக இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். அவளைப் போல நாற்பது தாண்டி, ஆசையை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும்.

நான் போனது 2024 செப்டெம்பரில். அப்போது எனக்கு 45 வயது. பதினெட்டு வருடம் புவியியல் படிப்பித்திருந்தேன். 15ஆம் திகதி மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். அது இரண்டும் முடியட்டும் என்று காத்திருந்து, வாக்குப் போட்ட அடுத்த நாள் இரவு கொழும்பு பஸ் ஏறினேன். சம்பளமில்லாத விடுமுறை, பல்கலைக்கழகம் தந்த பாதிக் கட்டணச் சலுகை, என் சேமிப்பு, அடகு வைத்த நகை, கனடாவில் இருக்கிற தம்பி தந்த கடன். நீர்வள முகாமைத்துவத்தில் ஒரு வருட முதுமாணிப் படிப்பு. வட இங்கிலாந்தில் ஒரு நகரம்.

குளிரையும் சாப்பாட்டையும் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். குளிருக்கு நல்ல ஜக்கெட் ஒன்று வாங்கினால் காணும். தமிழ்க்கடையில் புட்டுமாவிலிருந்து மோர்மிளகாய்வரை கிடைக்கும். இருட்டுத்தான் கொஞ்சம் பாடுபடுத்தும். டிசெம்பரில் பின்னேரம் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். எங்கள் ஊரில் விளக்கு வைக்கிற நேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் என்று பழகிய உடம்புக்கு அது ஏதோ துக்கவீடு போல இருக்கும். இரண்டு மாதத்தில் அதுவும் பழகும்.

ஆங்கிலமும் நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிய சிக்கல் இல்லை. ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதித் தேவையான புள்ளி எடுத்த ஒருவருக்கு விரிவுரை விளங்கும். வகுப்பில் கதைக்கத்தான் தயக்கமாக இருக்கும்.

என்னை விழுத்தியது முதல் கட்டுரை. ஒரு மாதம் இராப்பகலாக எழுதினேன். கொடுத்த வாசிப்புப் பட்டியலில் ஒன்றைக்கூட விடவில்லை. யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒழுங்காக அடுக்கி, மேற்கோள் எல்லாம் முறையாகப் போட்டுக் கொடுத்தேன். 52 வந்தது. அங்கே 50 எடுத்தால் சித்தி, 60 என்றால் திறமைச் சித்தி, 70 தாண்டினால் அதிசிறப்பு. அது தெரிந்திருந்தும் மனம் கேட்கவில்லை. 75க்கு மேல் எடுத்தால்தான் ஏ என்று வளர்ந்து, பிள்ளைகளையும் அப்படியே வளர்த்த ரீச்சர் நான். 52 என்பதைப் பார்த்துக்கொண்டே அறைக்குள் இருந்து அழுதேன். வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. நகை அடகில் கிடக்கிறது, 52 என்று எப்படிச் சொல்வது?

கட்டுரையின் அடியில் விரிவுரையாளர் எழுதியிருந்தது இரண்டு வரி. மற்றவர்கள் சொன்னது எல்லாம் இதில் இருக்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது எங்கே?

அவரைப் போய்ப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கதவடியில் நின்று "மேடம்" என்றேன். உள்ளே வந்து இருக்கச் சொன்னார், தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். வருடம் முடியும்வரை அது மட்டும் என் வாயில் வரவில்லை, அவரும் விட்டுவிட்டார். கட்டுரையை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். சுண்ணாம்புக்கல் நிலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு இறைக்கப்படுகிறது என்று கிணறுகளை எண்ணிக் கணக்கிட்ட ஓர் ஆய்வை நான் அப்படியே எடுத்து எழுதியிருந்தேன். "நீங்கள் அப்படிப்பட்ட ஊரில்தானே பிறந்தீர்கள்? இந்தக் கணக்கு சரியாக வருமா?" என்று கேட்டார்.

வராது என்றேன். பிறகு இருபது நிமிடம் நிறுத்தாமல் கதைத்தேன். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, ஒக்ரோபரில் இருந்து டிசெம்பர்வரை பெய்கிற மாரி மழைதான் கிணறு என்று சொன்னேன். சுண்ணாம்புக்கல்லுக்குள் நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டு கிடக்கிறது, அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறும் என்று சொன்னேன். ஒரு பங்குக் கிணற்றில் நாலைந்து குடும்பத்துக்கு முறை இருக்கும், கிணற்றை எண்ணினால் அது தெரியாது என்றேன். அப்பாவின் காலத்தில் துலா மிதித்து இறைத்தபோது வந்த தண்ணியும், மோட்டார் போட்ட பிறகு வந்த தண்ணியும் ஒன்றல்ல என்றேன். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற உரம் எப்படி அந்தத் தண்ணியிலேயே நைத்திரேற்றாக இறங்குகிறது என்று கதைத்துக்கொண்டே போனேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இது ஏன் கட்டுரையில் இல்லை?" என்றார்.

எனக்குப் பதில் இருக்கவில்லை. இதையெல்லாம் எழுதலாம் என்றே எனக்குத் தெரியாது. அது எங்கள் கிணற்றுக்கதை, படிப்பு என்பது புத்தகத்தில் இருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அடுத்த கட்டுரையில் அந்த ஆய்வோடு முரண்பட்டு எழுதினேன். வெறும் அனுபவமாக எழுதவில்லை. நான் கண்டதைச் சொல்லி, அதற்கு ஆதரவாக வேறு ஆய்வுகளைத் தேடி வைத்து, என் பக்கத்தில் எங்கே பலவீனம் என்றும் எழுதினேன். 67 வந்தது.

தங்கச்சி, உனக்கு நான் சொல்லவேண்டியது இதுதான். வயது உன்னைத் தடுக்காது. இருபது வருடம் படிப்பித்த, வீடு நடத்திய, இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஒருத்திக்குத் தெரிந்தவை 23 வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் தெரிந்ததை வைத்து ஒரு பெரிய பெயரோடு முரண்படலாம் என்ற துணிவு எங்களுக்குப் பழக்கப்படவில்லை. அதை அங்கே போய்ப் பழகுவதற்கு நேரம் இல்லை. ஒரு வருடப் படிப்பில் முதல் தவணை கண் மூடித் திறக்க முடிந்துவிடும். இங்கே இருக்கும்போதே பழகு.

ஏன் எங்களுக்கு அது பழக்கமில்லை என்று நிறைய யோசித்தேன். பாடமாக்கிப் படித்ததை இன்று பலர் இளக்காரமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் பிறந்து இரண்டாவது வருடம் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, 97,000 புத்தகங்களோடு. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து, துளித் துளியாக எண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தோம். பத்திரிகைகள்கூடக் கிடைத்த தாளில் மெலிந்து வந்த காலம். ஓ.எல். எழுத வேண்டிய வருடம், 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்து மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது என் பையில் இருந்தவை இரண்டு கொப்பிகள். சேர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்ஸ். புத்தகம் இல்லாத ஊரில் அந்த நோட்ஸ்தான் நூலகம். அதில் ஒரு வரியைச் சந்தேகிக்க எங்களுக்கு வேறு என்ன இருந்தது? பாடமாக்கியதால்தான் நாங்கள் தப்பிப் படித்து வந்தோம். அந்த ஆசிரியர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் 2009க்குப் பிறகும், கையில் போனும் இணையமும் வந்த பிறகும், நான் அதே மாதிரித்தான் படிப்பித்தேன். நோட்ஸ் சொன்னேன், பிள்ளைகள் எழுதினார்கள். ஒரு பிள்ளை ஒருமுறை "ரீச்சர், எங்கட கிணறு அப்படி இல்லையே" என்று எழும்பிச் சொன்னது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பரீட்சைக்கு இதைத்தான் எழுதவேண்டும், இரு என்று சொன்னேன். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க ஆசை, எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. அவன் அன்றைக்குக் கேட்டதைத்தான் அந்த விரிவுரையாளர் என்னிடம் கேட்டார்.

அங்கே பல்கலைக்கழக நூலகத்துக்குள் முதல் நாள் போனபோது நான் வாசிக்கவில்லை, தட்டுகளுக்கு இடையில் சும்மா நடந்தேன். இருபத்திநாலு மணித்தியாலமும் திறந்திருக்கும். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மாடி மாடியாக ஏறினேன். அப்போது அம்மாவின் நினைவு வந்தது. நூலகம் எரிந்த சாம்பல் தங்கள் வீட்டு முற்றத்தில் விழுந்ததை அவ எப்போதும் சொல்லுவா.

சரி, அப்புறம் பணக்கணக்கு. இதில் ஒளிவுமறைவு வேண்டாம். நான் போகும்போது ஒரு பவுண்ஸ் நானூறு ரூபாய்க்குக் கிட்ட. படிப்புக் கட்டணம் ஒரு பக்கம், விசாவோடு மருத்துவ மேல்வரி என்று வருடத்துக்கு 776 பவுண்ஸ் இன்னொரு பக்கம். வாழ்க்கைச் செலவுக்கு ஒன்பது மாதக் காசை வங்கியில் தொடர்ந்து 28 நாள் வைத்துக் காட்ட வேண்டும். அந்தக் காசைக் கைமாற்றாக வாங்கிக் காட்டிவிட்டு, போய் இறங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வது என்று நின்றவர்களை நான் கண்டேன். வேலை செய்து சமாளிக்கலாம் என்று முகவர்கள் சொல்வார்கள். தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் செய்ய விசா விடாது. அந்த 20ஐயும் செய்துகொண்டு நாற்பது வயதுக்கு மேல் படிப்பது உடம்பை முறிக்கும். நான் ஒரு சமையற்கூடத்தில் 12 மணித்தியாலம் செய்தேன், அதற்கு மேல் ஏலவில்லை. வீட்டை ஈடு வைத்துப் போகிற எண்ணம் இருந்தால் தயவுசெய்து போகாதே. ஒரு வருடம் பொறுத்துப் புலமைப்பரிசிலுக்கு முயற்சி செய். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு உச்ச வயது இல்லை, வேலை அனுபவத்தைத்தான் கேட்கிறார்கள். முடித்தபின் ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். எல்லாம் அப்படி இல்லை, ஜெர்மனியின் டிஏஏடி என்ற கல்விப் பரிமாற்ற நிறுவனம் தருகிற சில உதவிகளுக்குக் கடைசிப் பட்டம் பெற்று ஆறு வருடத்துக்கு மேல் போயிருக்கக்கூடாது. எங்களைப் போன்றவர்கள் விண்ணப்பத்தில் முதலில் பார்க்க வேண்டிய வரி அது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமோ என்றும் கேட்டாய். 2024 ஜனவரியில் இருந்து, வகுப்பு வழியான முதுமாணிக்குப் போகிறவர்கள் கணவனையோ பிள்ளையையோ அழைக்க முடியாது. ஆய்வுப் பட்டத்துக்கும் அரச நிதியில் போகிறவர்களுக்கும்தான் விலக்கு. ஆகவே நீ தனியாகத்தான் போகிறாய். ஒக்ரோபர் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள், நாலரை மணித்தியால வித்தியாசம் ஐந்தரை ஆகும். வகுப்பு முடிந்து நீ போன் எடுக்கும்போது பிள்ளைகள் நித்திரைக்குப் போய்விடுவார்கள். நான் காலை ஏழு மணிக்கு எழும்பி, மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வரைக்கும் காத்திருந்து கதைத்தேன். மகள் முதல் ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. மாமிதான் அவளைப் பார்த்துக்கொண்டா. மாமி இல்லை என்றால் நான் படித்திருக்கவே மாட்டேன். நான் போகாமலே இருந்திருக்கலாமோ என்று அந்த மாதத்தில் பல இரவுகள் நினைத்தேன். அதை மறைத்து உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை.

ஊர் கதைக்கும். "லண்டன் போனவள் இனி வருவாளோ" என்று எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே கதைத்தார்கள். படிப்பு என்பது வெளியேறுவதற்கு ஒரு வழி என்றுதான் இங்கே பலர் பார்க்கிறார்கள். வெளியேறுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், 2022 பொருளாதார நெருக்கடியில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும் ஏன் என்று. ஆனால் படிக்கவே போகிற ஒருத்தியையும் அதே கண்ணால் பார்ப்பது அநியாயம். நாற்பது வயதில் ஓர் ஆண் போனால் "மேற்படிப்பு" என்கிறார்கள், ஒரு தாய் போனால் "பிள்ளையளை விட்டிட்டுப் போட்டாள்" என்கிறார்கள். இதைச் சொன்னவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு நொந்தது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். வகுப்பில் இருக்கிற சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து பழகு. அவர்களிடம் கேட்கக் கூச்சப்படாதே. ஒரு கட்டுரையை முதல் வரியில் இருந்து கடைசி வரிவரை வாசிக்காமல், முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் பார்த்து, தேவை என்றால்தான் நடுவுக்குள் போவது என்பதை எனக்குக் காட்டித் தந்தது 23 வயது நைஜீரியப் பிள்ளை ஒருத்தி. அதற்கு முன் மூன்று கிழமை நான் இரவு இரண்டு மணிவரை எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் திருத்த உதவ ஒரு பிரிவு பல்கலைக்கழகத்திலேயே இலவசமாக இருக்கும். முதல் கிழமையே அங்கே போ.

இப்போது நான் திரும்பப் பள்ளிக்கூடத்தில். நோட்ஸ் இன்னும் சொல்கிறேன், பரீட்சை மாறவில்லையே. ஆனால் கிழமையில் ஒரு பாடவேளை, புத்தகத்தில் உள்ள ஒரு பந்தியை வாசித்து, இது எங்கள் ஊருக்குச் சரியா பிழையா, ஏன் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். முதல் மாதம் எல்லோரும் "சரி" என்றே எழுதினார்கள். போன கிழமை ஒரு பிள்ளை "பிழை" என்று எழுதி, தன் வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டு அளந்த அளவையும் பக்கத்தில் எழுதியிருந்தாள்.

தங்கச்சி, ஏன் படிக்கப் போகிறாய் என்று புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்கு எழுதுகிற உன் நோக்க அறிக்கையை நீ போன பிறகு வாசித்தேன். முதல் பந்தியில் சின்ன வயதிலிருந்தே உனக்குக் கல்வியில் ஆர்வம் என்று இருக்கிறது. அதை வெட்டியிருக்கிறேன். உன் பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்புக்கு வராமல் நின்ற பிள்ளைகளைத் தேடி நீ வீடு வீடாகப் போனாயே, அந்தக் கதையைக் கொண்டுவந்து அங்கே போடு. ஞாயிறு பின்னேரம் வா, இருந்து எழுதுவோம்.