‘அவங்கவங்க டேஸ்ட்’டுன்னு இன்னொருத்தன் சொல்லட்டும், இருக்கு

கேம்ல ஓட்டை இருக்குன்னு சொன்னதுக்கு, மறுபடியும் அதையே சொல்லிட்டாய்ங்க. “அண்ணே, அதெல்லாம் அவங்கவங்க டேஸ்ட்டுண்ணே.” ஆர்பிஜின்னா ஆளுக்கொரு வேஷம் கட்டி, பகடை உருட்டிக் கதை ஆடுற விளையாட்டு. அந்த டேபிள்ல எந்த ஓட்டை உடைசலையும் இந்த ஒத்தை வரியை வச்சு மூடிரலாம்.

டேஸ்ட் எதுன்னு தெரியாமயா கத்துறோம்? ஒருத்தனுக்குப் பேய்க் கதை பிடிக்கும், ஒருத்தனுக்குச் சிரிப்பு. ஒருத்தன் தலகாணி மொத்தத்துல ரூல்புக் கேப்பான், ஒருத்தனுக்கு நாலு பக்கம் போதும். அது டேஸ்ட். ஜிகர்தண்டா பிடிக்கலைன்னா அதுவும் டேஸ்ட். அதே ஜிகர்தண்டால பாதாம் பிசின் ஊறாம நறநறன்னு பல்லுல கடிபட்டா அது டேஸ்ட்டா? வேலை தெரியாதவன் கைவரிசை.

நடந்ததைக் கேளுங்க. கால் ஆஃப் குதூலுன்னு ஒரு திகில் ஆர்பிஜி, 7ம் பதிப்பு. கதை ஜிஎம் தம்பி, அதாவது ஆட்டத்தை நடத்துறவன், சொந்தமா எழுதுனது. 1930கள் மதுரை, சிம்மக்கல் பக்கம் உள்பக்கமாப் பூட்டுன வீடு, உள்ள செத்துக் கிடக்குற ஜவுளி வியாபாரி. அருமையான ஆரம்பம், யாரு இல்லைன்னா? அடுத்து சமணமலைக் குகைக்குப் போகணும். அதுக்கு வழி சொல்ற சீட்டு, வியாபாரியோட வெத்தலைப் பெட்டி அடித்தட்டுல இருக்கு. எடுக்கணும்னா ஸ்பாட் ஹிடன், அதாவது ஒளிஞ்சிருக்கறதைக் கண்டுபிடிக்கிற ஸ்கில்லுக்குப் பகடை போடணும். நூறுக்குள்ள ஒரு நம்பர் விழும், அது ஸ்கில் எண்ணைத் தாண்டுனா தோல்வி. வேற வழியே வைக்கல. சாட்சி கிடையாது, வண்டிக்காரன் கிடையாது, ஒரு கணக்கு நோட்டு கூடக் கிடையாது.

டாக்டர் வேஷம் கட்டுனவர் போட்டாரு, 71. பத்திரிகைக்காரர் போட்டாரு, 88. வக்கீல் 26, ஒரே ஒரு நம்பர்ல போச்சு. வாத்தியார் 94. நாலு பேருக்கும் ஸ்கில் அடிப்படை 25தான், ஒருத்தரும் ஏத்தி வைக்கல. ஜிஎம் ஸ்கிரீனுக்குப் பின்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

“பெட்டியை நல்லாப் பாக்குறீங்களா?”

“பாத்தாச்சு தம்பி.”

“இன்னும் நல்லா...?”

“பெட்டியைத் தலைகீழாக் கவுக்குறேன்.”

“ஸ்பாட் ஹிடன் போடுங்கண்ணே.”

கவுத்த பெட்டிலருந்து சீட்டு விழுகுதான்னு பாக்கவும் ஸ்பாட் ஹிடன்! 60. விழலையாம். புவியீர்ப்புக்கும் அன்னைக்கு ஸ்கில் பத்தல போல. “சரி, பெட்டியை உடைக்கிறேன்.” போடுங்க. 97. ஸ்கில் ஐம்பதுக்குக் கீழ இருந்தா 96லருந்தே ஃபம்பிள், படுசொதப்பல். கைல தகரம் கிழிச்சு ஒரு ஹிட் பாயின்ட், அதான் உயிர்ப் புள்ளி, காலி. கடைசில, உள்பக்கமாப் பூட்டுன, சன்னல் சாத்துன அறைல எங்கிட்டிருந்தோ காத்து அடிச்சு, சீட்டு தானா பறந்து வந்து டாக்டர் மடில விழுந்துச்சு. ஆத்தி!

கணக்குப் போடுங்க. ஒருத்தர் தோக்க 75 சதவீதம். நாலு பேரும் சேந்து தோக்க 0.75ஐ நாலு தடவை பெருக்குங்க, கிட்டத்தட்ட 32 சதவீதம். மூணு டேபிள்ல ஒரு டேபிள் இந்த வெத்தலைப் பெட்டிகிட்டயே கிடந்து சாகும். விழுற வரைக்கும் போடுங்கன்னா அப்புறம் பகடை எதுக்கு? விழலைன்னா கதை அம்புட்டுத்தான்னா, மிச்சக் கதையை எதுக்குய்யா எழுதுன? புத்தகத்துலயே புஷ் பண்ற விதி, அதாவது தோத்த பகடையை மறுபடி போடுற விதி இருக்கு. ஒரே ஒரு தடவை, வேற மாதிரி என்ன முயற்சி பண்றேன்னு சொல்லிட்டுப் போடணும், தோத்தா வர்ற வினை பெருசா இருக்கும். அதையாவது படிச்சானா?

சரி பண்றது ஒண்ணும் மலையைப் புரட்டுற வேலை இல்ல. குகைக்கு வழி சீட்டுல ஒண்ணு, வியாபாரியைக் கூட்டிட்டுப் போன வண்டிக்காரன் வாயில ஒண்ணு, கடைக் கணக்குல ஒண்ணுன்னு மூணு இடத்துல வை. இல்லையா, தேடுனாலே சீட்டைக் குடுத்துரு. பகடை வேற விஷயத்தை முடிவு பண்ணட்டும்: போலீஸ் வர்றதுக்கு முன்னாடி எடுத்தாங்களா, எடுத்ததை எவனாச்சும் பாத்தானா. கம்ஷூன்னு ஒரு முறையே இதுக்குத்தான் வந்துச்சு. சரியான ஸ்கில்லோட சரியான இடத்துல தேடுனா முக்கியத் தடயம் கைக்கு வந்துரும், பகடையே இல்ல.

இம்புட்டையும் சொன்னா பதில்? “எனக்கு அந்தப் பதட்டம் பிடிச்சிருந்துச்சுண்ணே.” என்ன பதட்டம் தம்பி, நாலு பேரும் போன் நோண்டிக்கிட்டிருந்தாய்ங்க!

பெரிய கம்பெனி புத்தகத்துலயும் இந்தக் கூத்து உண்டு. 1991ல வந்த வாம்பயர்: த மாஸ்கரேட்ங்கற ரத்தக்காட்டேரி ஆர்பிஜியை எடுத்துக்கங்க. டி10, அதாவது பத்துப் பக்கப் பகடை, கைநிறையப் போடணும். திறமை கூடக் கூடப் பகடையும் கூடும். கஷ்டம் 10ன்னா 10 விழுந்தாத்தான் வெற்றி, 1 விழுந்தா ஒரு வெற்றியை அடிச்சிரும், வெற்றியவிட 1 கூடிப் போச்சுன்னா பாட்ச், பெருஞ்சொதப்பல். ஒரு பகடைக்கு பாட்ச் 10 சதவீதம். ரெண்டுக்கு 17. மூணுக்கு 22. வெற்றியும் அதே அளவு கூடுது, சரி. ஆனா தொழில் தெரிஞ்சவன் கத்துக்குட்டியவிட அதிகமா மண்ணைக் கவ்வுறான். 1998 பதிப்புல, ஒரு வெற்றியாச்சும் விழுந்திருந்தா பாட்ச் கிடையாதுன்னு மாத்துனாங்க. டேஸ்ட்டுன்னா எதுக்கு மாத்தணும்?

ஒரு கேம் தேறுமான்னு பாக்க அட்டைப் படத்தைத் தடவிக்கிட்டிருக்க வேணாம். விதி எதுக்குக் கூலி குடுக்குதுன்னு பாருங்க. பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல வெளிய கொண்டாந்த புதையல்ல ஒரு தங்கக் காசுக்கு ஒரு எக்ஸ்பி, அதான் கேரக்டரை வளர்க்குற அனுபவப் புள்ளி. அதனால ஆளுக பூதத்தைச் சுத்திக்கிட்டுப் போய்ப் பெட்டியைத் தூக்குவாய்ங்க. பிடிக்குதோ இல்லையோ, சொன்னதைச் செய்யுற விதி அது. இப்ப ஒருத்தன் “அரசவைச் சூழ்ச்சி விளையாட்டு”ன்னு பிடிஎஃப் அனுப்புறான். வாள் வெட்டுக்குப் பன்னெண்டு பக்கம், சூழ்ச்சிக்கு “ஜிஎம் பாத்துக்குவார்”. அதுக்கும் கீழ அஞ்சு நட்சத்திரம், “சூப்பர் ப்ரோ”. ஒரு செஷன் கூட ஆடிப் பாக்காத பயலுக.

இதுக்கெல்லாம் கோபப்பட்டா பிபிதான் ஏறும். நானும் இந்த வெயில்ல, சிரிச்சுட்டுப் போறேன். ஆனா அந்த ஃபேனை மட்டும் யாராச்சும் மூணுல வைங்கய்யா! அஞ்சுல வச்சா கேரக்டர் ஷீட் பூரா பறக்குது, பறக்காம இருக்க மேல டி20ஐ, அந்த இருபது பக்கப் பகடையை எடுத்து வைக்கிறது, பொறவு “டி20 எங்க, டி20 எங்க”ன்னு டேபிளுக்கு அடியில தவழுறது. ஒரு பேப்பர்வெயிட் முப்பது ரூவா இருக்குமா? ஆளுக்கு ஆறு ரூவா போட மாட்டாய்ங்க.