ஒன்பதாவதில் சோறு கிடையாது

பேரன் இந்த ஜூனில் ஒன்பதாவது போகிறான். புதுப் பை, புது ஷூ, தண்ணீர் பாட்டில் மட்டுமே மூன்று. "தாத்தா, நீங்க ஒன்பதாவது படிச்சப்போ லஞ்சுக்கு என்ன கொண்டு போவீங்க?" என்று கேட்டான். வாய் வரை வந்த பதிலை விழுங்கிவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1962 ஜூன். எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கம் கரிசல் காடு. அப்போது ராமநாதபுரம் மாவட்டம், இப்போது விருதுநகர். ஊரில் ஹையர் எலிமெண்டரி ஸ்கூல் இருந்தது, எட்டாவது வரை. அதன் முடிவில் ஈ.எஸ்.எல்.சி. என்று ஒரு பரீட்சை. அதில் தேறினால் நாலரை மைல் தள்ளி ஹைஸ்கூல். ஒன்பதாவதை அங்கே நாலாம் பாரம் என்பார்கள், இங்கிலீஷ் 'ஃபார்ம்'தான் அப்படி ஆனது. சுமக்கிற பாரத்தைத்தான் சொல்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய தப்பில்லை.

சம்பளம் கட்ட வேண்டாமென்றால் சர்ட்டிபிகேட் வேண்டும். (பள்ளிக்கூடத்துக்கு நாம் கட்டுகிற பணத்தை அப்போது சம்பளம் என்றுதான் சொல்வோம்.) வீட்டு வருமானம் வருஷத்துக்கு 1,200 ரூபாய்க்குள் என்று எழுதி வாங்க வேண்டும். எங்கள் வருமானம் அதில் பாதிகூட இருக்காது. அதை எழுதித் தர வேண்டியவர் வீட்டுக்கு அய்யா இரண்டு தடவை நடந்து வெறும் கையோடு திரும்பினார். மூன்றாம் தடவை ஒரு படி உளுந்தோடு போனார். கையெழுத்து வந்தது.

எட்டாவதில் எங்களோடு 31 பேர். நாலாம் பாரத்துக்கு வந்தது 9 பேர். பெண்பிள்ளை ஒன்றுகூட இல்லை.

எட்டாவது வரைக்கும் மத்தியானச் சோறு உண்டு. 1956-ல் ஆரம்பித்தது. சோறு, சாம்பார், கடைசி ஒரு வருஷம் அமெரிக்காவிலிருந்து வந்த பால் பவுடர், மக்காச்சோள மாவு. தட்டு மறந்த நாளில் பூவரச இலை. சாம்பார் இலையைத் தாண்டி முழங்கையில் ஓடும், நக்கிக்கொள்வோம். ஹைஸ்கூலில் அது கிடையாது. இது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. ஆனால் முதல் நாள் மதிய மணி அடித்தபோது, பழக்கதோஷத்தில் நானும் என் மாமன் மகனும் அடுப்புப் புகை எங்கே என்று பார்த்துவிட்டோம். பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் கிணற்றடிக்குப் போனோம்.

தூக்குவாளி கொண்டு வருகிறவர்கள் வேப்பமரத்தடியில். டிபன் கேரியர்க்காரர்கள் வகுப்புக்குள்ளேயே. எனக்குப் பாதி நாள் கம்பஞ்சோறும் மோரும் இருக்கும். அதை நெல்லுச்சோறு சாப்பிடுகிறவர்கள் முன்னால் திறக்க வெட்கம். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தின்பேன். மாமன் மகனுக்கு அதுவும் இராது. என்னுடையதில் பாதியை நீட்டினால் "பசிக்கல மாப்ள" என்பான். கணக்கில் அவன்தான் புலி. வாத்தியார் வீசை, பலத்திலிருந்து கிலோவுக்கு மாற்றத் தடுமாறுகிற இடத்தில் இவன் விடையைச் சொல்லி முடித்திருப்பான்.

அந்தச் செப்டம்பர் 5-ந் தேதிதான் நாட்டிலேயே முதல் ஆசிரியர் தினம். ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியான வருஷம். காலைப் பிரார்த்தனையில் குருவின் பெருமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். மதியம் இரண்டாவது பீரியடில் கை இரண்டும் வீங்க அடி வாங்கினேன். வகுப்பில் தூங்கினேனாம். வெறும் வயிற்றில் ஒன்பது மைல் நடக்கிறவனுக்குத் தூக்கம் வராமல் என்ன வரும்?

அக்டோபரில் சீனப் போர். பஞ்சாயத்து ரேடியோ முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. யுத்த நிதிக்குப் பள்ளிக்கூடத்தில் உண்டியல் வைத்தார்கள், நானும் 10 நயா பைசா போட்டேன். இரண்டு நாள் கடலைக் காசு. அதில் எனக்கு இன்றும் பெருமைதான், மறைக்கவில்லை.

அந்த உண்டியலில் காசு போட மாமன் மகன் இல்லை. காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. உள்ளூர்த் தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) சேர்ந்துவிட்டான். ஏண்டா என்று சண்டை போட்டேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "இங்கன்னா மத்தியானம் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிச்சிட்டு வந்திரலாம் மாப்ள."

இத்தனைக்கும் எங்கள் சாத்தூர்த் தொகுதி எம்.எல்.ஏ.தான் முதலமைச்சர், காமராஜர். அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. அவர் போட்ட சோறு இல்லையென்றால் நான் எட்டாவதே தொட்டிருக்க மாட்டேன். அப்புறம் பத்தாவது வரைக்கும் சத்துணவு என்று எம்.ஜி.ஆர். நீட்டியது 1984-ல். நடுவில் 22 வருஷம். அதில் எத்தனை கணக்குப் புலிகள் எங்கெங்கே குச்சி அடுக்கப் போனார்களோ.

போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் கூடினோம். மிச்சமிருக்கிறது ஐந்தே பேர். அதில் ஒருவர், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், "அந்தக் காலப் படிப்பு தங்கம்பா, இப்ப காலையிலயும் சோறு போட்டு ஜனங்களச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. அவர் அன்றைக்கு அடுக்கு மூன்று வைத்த டிபன் கேரியர்க்காரர். "நீ சொல்றது சரிதாண்ணே. தங்கம்னு சொல்ல, தேறி வந்த நாம அஞ்சு பேருதான இருக்கோம். வராதவன்கிட்ட யாரு கேட்டா?" என்றேன். அவர் பேச்சை மாற்றிச் சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். காபி ஆறிப் போனது.

சரி, பேரன் விஷயத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் சொல்லிக் குழந்தையைப் பயமுறுத்துவானேன் என்று, "கம்பஞ்சோறுடா" என்று மட்டும் சொன்னேன்.

"மில்லட்டா? அப்பவே ஹெல்த்தியா சாப்பிட்டிருக்கீங்க தாத்தா" என்றான்.