பதிப்போவியம் ஓவியத்தின் ஜெராக்ஸ் அல்ல

"பதிப்போவியம் என்றால் பெயின்டிங்கைப் பார்த்து எடுத்த காப்பிதான், ஒரிஜினல் வேறெங்கோ இருக்கும்" என்ற பேச்சு ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. இது தவறு. தகடு, மரக்கட்டை போன்றவற்றில் படத்தை உருவாக்கி, மை பூசி, தாளில் அழுத்திப் பதித்தெடுப்பதுதான் பதிப்போவியம்.

பதிப்போவியக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டியை எடுத்துக்கொள்வோம். 1925இல் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்தார், சென்னை கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்றுக்கொடுத்தார், அப்புறம் பாரிஸில் ஆங்கிலேயப் பதிப்போவியக் கலைஞர் ஹேய்ட்டரின் 'அட்டலியே 17' பட்டறைக்குப் போனார். அவருடைய 'நீர்ச்சுழல்' (1963) எந்த ஓவியத்தின் நகலும் இல்லை. அதன் பிறப்பிடமே உலோகத் தகடுதான்.

அந்தத் தகட்டை ஒரு சிற்பி போலப் பல ஆழங்களில் செதுக்குவார். எண்ணெய் அதிகம் கலந்து இளகிய மையைக் கெட்டியான உருளையால் உருட்டினால் மேட்டில் மட்டும் ஒட்டும். அடுத்து, கெட்டி மையை மெத்தென்ற உருளையால் உருட்டினால் அது பள்ளம் வரை இறங்கும்; மேட்டில் உள்ள இளகிய மையோடு கலக்காது. ஒரே தகடு, ஒரே அழுத்தம், பல நிறங்கள்! இந்த முறையை உருவாக்கியதில் அவருக்கும் ஹேய்ட்டருக்கும் இந்தியக் கலைஞர் கைக்கோ மோத்திக்கும் பங்கு உண்டு. எனக்கு இது இன்றும் பிரமிப்புதான்.

சரி, தாளின் கீழே பென்சிலில் 12/50 என்றிருக்கிறதே? மொத்தம் 50 பிரதிகள், இது 12ஆவது என்று பொருள். ஐம்பதுமே ஒரிஜினல். ஒவ்வொன்றுக்கும் தகட்டில் புதிதாக மை பூசியாக வேண்டும்.